இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு புள்ளி

இன்று காலை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் தாளை நீட்டினார். கையில் வாங்கியதும் சூடு. மெஷினிலிருந்து அப்போதுதான் வந்த தாளுக்கு ஒரு வாசனை உண்டு, இஸ்திரிப் பெட்டியை எடுத்த உடனே துணியிலிருந்து எழுமே, அதைப் போல. உன் கடையில் நீ அந்தத் தாளை ஒருநாளும் சும்மா கொடுத்ததில்லை. "இந்தாக்கா, சூடா ரெண்டு" என்பாய், இட்லி பரிமாறுகிறவளைப் போல. இன்றைய கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் எதையோ எதிர்பார்த்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "இன்னாம்மா, இன்னும் ஒரு காப்பி வேணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எதை ஜெராக்ஸ் எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீ எந்தக் காகிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள். கையெழுத்து இருக்கிறதா, சீல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாய். இந்த ஒன்றை மட்டுமாவது முதலிலிருந்து படி.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது மன்னிப்புக் கடிதம் இல்லை. எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, உனக்கே தெரியும். எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவர்கள் கேட்டார்களா? பத்தொன்பது வருஷம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் நின்று, அட்டைப் பெட்டிகளின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் படித்தேன். சர்டிபிகேட் இல்லை என்று சொல்லிக் கடைசிவரை என்னை ஹெல்பராகவே வைத்திருந்தார்களே, அவர்கள் கேட்டார்களா? யாரும் கேட்காத ஒன்றை நான் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? நடந்ததைச் சொல்கிறேன். அதில் எந்த இடத்தில் யார் தப்பு என்று நீயே பார்த்துக்கொள்.

நாம் முதலில் பார்த்தது படப்பையில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய உன் ஜாப் டைப்பிங் கடையில். ரேஷன் அட்டையில் என் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். நான் கையால் ஒரு மனு எழுதிக்கொண்டு வந்திருந்தேன். நீ அதைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாய்.

"யக்கா, இது மனுவா, சண்டையா?"

"ரெண்டும்தான்."

"அடிக்கறேன். ஆனா, 'உங்களுக்கு வெட்கமாக இல்லையா'ன்னு போட்டுக்கீறியே, அத எடுத்துடறேன். படிக்கறப்ப ஆபீசருக்கு வெக்கமா இருந்துச்சுன்னா, காயிதத்த அடியில வெச்சிடுவாரு."

"என் வார்த்தையில கைய வெக்காத."

"சரி, வெக்கல" என்றாய். வீட்டுக்கு வந்து படித்தேன். அந்த வரி இல்லை. அடுத்த நாள் சண்டை போட வந்தேன். நீ டீ வாங்கிக் கொடுத்தாய். மூன்றாம் மாதம் அட்டை சரியாக வந்தது. அதன் பிறகு நான் கடைக்குள் நுழையும்போதெல்லாம், வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி, "இன்னாக்கா, இன்னிக்கு யார் மேல மனு?" என்பாய். மனு அக்கா என்று எனக்குப் பெயர் வைத்தவளும் நீதான். ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எதிரே உட்கார்ந்து நீ அடிப்பதை எத்தனை மத்தியானம் பார்த்திருக்கிறேன். கீபோர்டைப் பார்க்கவே மாட்டாய். பார்வை என் காகிதத்தில் இருக்கும், வாய் என்னோடு பேசிக்கொண்டிருக்கும், பத்து விரலும் தம்பாட்டில் வேலை செய்யும். பழைய டைப்ரைட்டரில் கற்ற கை. புதிது புதிதாகத் தமிழ் அடிக்கும் முறைகள் வந்தும் நீ அந்தப் பழைய எழுத்துருவை விடவில்லை. "எனுக்கு இதான் தெரியும், இதுக்குதான் என்னைத் தெரியும்" என்பாய்.

அடித்து முடித்ததும் ஒரு வேலை செய்வாய். கோப்புக்கு அந்த மெஷினே ஏதாவது ஒரு பெயர் வைத்திருக்கும். நீ அதை முழுசாக அழித்துவிட்டு, மனு கொடுத்தவரின் இனிஷியல், ஒரு புள்ளி, அப்புறம் அவர் பெயர் என்று ஆங்கில எழுத்தில் போடுவாய். கே புள்ளி செல்வி. டி புள்ளி குப்பம்மா. நம் ஊரில் யாருக்குத்தான் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்தும் புள்ளியும் இல்லை? அப்படி மாற்றும்போதெல்லாம் திரையில் ஒரு கட்டம் வந்து எதையோ கேட்கும். ஒருமுறை நான் கேட்டேன்.

"அது இன்னாமோ கேக்குதே?"

"அது கேட்டுக்கினேதான் இருக்கும். வூட்டுக்காரரு மாதிரி. ஆமான்னு சொல்லிட்டா அடங்கிடும்."

ஆமாம் என்பதை அழுத்துவாய். அது அடங்கிவிடும். அது என்ன கேட்டது என்று நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. இந்தக் கடிதத்தின் பாதி அந்தக் கட்டத்துக்குள்தான் இருந்தது.

அப்புறம் சுவர் வந்தது.

எங்கள் தெருவிலிருந்து பஸ் நிற்கும் ரோட்டுக்கு ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. நடுவில் இருந்த நிலத்தில் ஒரு கம்பெனி வந்து சுற்றுச்சுவர் எழுப்பியது. அவர்கள் இடத்தில்தான் கட்டினார்கள், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் பாதை போய்விட்டது. முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்கள் சுவரைச் சுற்றி, டிரெய்லர் லாரிகள் போகிற ரோட்டின் ஓரமாக நடக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிஷ நடை முக்கால் மணி ஆனது. எதிர்வீட்டுப் பெண் ஏழு மாத வயிற்றோடு லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எல்லாரும் "இன்னா பண்றது" என்றார்கள். எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாதம் வீடு வீடாகப் போனேன். யார் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், எந்தக் கம்பெனி கேட்டுக்குப் போகிறாள், பாதை எந்தக் கிணற்றை ஒட்டி எந்தக் கல் வரை போயிற்று என்று நாற்பத்தோரு பெண்களிடம் கேட்டு எழுதினேன். காலடியால் அளந்தேன். நான்கு பக்கம் வந்தது. அந்தச் சுவரில் ஒரு கதவு வைக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. அந்த நான்கு பக்கத்தையும் உன்னிடம் கொடுத்தேன். என்னிடம் வேறு பிரதி இல்லை.

நீ அதை அடித்து, ஒரு சிவப்புப் பென்டிரைவில் போட்டு என் கையில் வைத்தாய். "வூட்ல ஒருவாட்டி படிச்சுப் பாத்துட்டு வாக்கா, அப்றம் பிரிண்ட் எடுக்கலாம்" என்றாய். யாரோ பழசென்று கழித்துவிட்ட லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்ததே, நானே தட்டித் தட்டிப் பழகியது, அதைப் பற்றி உனக்கு என்னைவிடப் பெருமை.

வீட்டில் செருகினேன். கோப்பின் மேல் இரண்டு முறை தட்டினேன். இதை எதைக்கொண்டு திறப்பது என்று அது என்னையே கேட்டது. எனக்கு என்ன தெரியும்? பாட்டுக் கேட்கிற செயலியைக் காட்டினேன். அது என் மனுவைப் பாடப் பார்த்து, முடியாமல் நின்றது. படம் பார்க்கிறதைக் காட்டினேன், இது படமில்லை என்றது. கடைசியில் நோட்பேடில் திறந்தது. திறந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. சாய்ந்த கோடும் அடைப்புக்குறியுமாகக் கொஞ்சம், அப்புறம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து பக்கம் பக்கமாக. சொல்லென்று ஒன்றுமில்லை. யாரோ கீபோர்டில் கையை வைத்துத் தேய்த்ததுபோல.

நான் என்ன நினைத்தேன் என்று உனக்கே தெரியும். நீ அடிக்கவில்லை. நாற்பத்தோரு பெண்கள் சொன்னதை அடிக்க உனக்குச் சலிப்பு. கேட்டால் கொடுத்தேன் என்று சொல்வதற்காக, விரல் போன போக்கில் எதையோ தட்டி நான்கு பக்கத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறாய். இந்தக் கிழவிக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டாய். என் வாழ்நாள் முழுக்க எனக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால் நீயும் அப்படித்தான் என்று நம்புவதற்கு எனக்கு நேரமே ஆகவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் வந்தேன். கடை நிறைய ஆட்கள். கரண்ட் இல்லை. மெஷின் எல்லாம் அணைந்து கிடந்தது, நீ ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாய்.

"இன்னாக்கா, இன்னிக்கு யார் மேல மனு?"

"உன் மேலதான்" என்றேன்.

சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஃபைலில் ஒன்றும் இல்லை, வெறும் கிறுக்கல் என்றேன்.

"என்கிட்ட தொறக்குதேக்கா. பத்து நிமிஷம் குந்து, கரண்ட் வரட்டும், காட்டறேன்."

"பத்து நிமிஷத்துல புதுசா அடிச்சு வெச்சுடலாம்னு பாக்கறியா?"

வரிசையில் யாரோ கெக்கலித்தார்கள். உன் முகம் மாறியது. விசிறுவதை நிறுத்தினாய்.

"முப்பது வருசமா அடிக்கறேன். ஒரு கொம்பு, ஒரு காலு பொய்யா போட்டதில்ல."

"இத்தினி நாளு போட்டியோ இல்லியோ, இப்ப போட்டுக்கீற. பொய்க்காரி" என்றேன்.

பென்டிரைவை உன் மேஜைமேல் எறிந்தேன். அது வழுக்கி உன் மடியில் விழுந்தது. நீ அதை எடுக்கவில்லை. "இனிமே உனுக்கு ஒரு எழுத்து அடிச்சேன்னா இன்னான்னு கேளு" என்று மட்டும் சொன்னாய், என்னைப் பார்க்காமல். நான் வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குள் கால் வைக்கும்போது டீக்கடை பல்பு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது. பார்த்தேன். திரும்பி நடந்தால் முப்பது அடி. நான் திரும்பவில்லை.

எட்டு மாதம் நாம் பேசவில்லை. அந்த வருஷ மழையில் உன் கடைக்குள் தண்ணீர் புகுந்து, கீழ்த்தட்டில் இருந்த காகிதமெல்லாம் கூழாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். என் நான்கு பக்கமும் அதில்தான். மறுபடி உட்கார்ந்து எழுதியிருக்கலாம். அந்தப் பெண்களில் பாதிப் பேர் அதற்குள் வேறு ஊருக்கு வீடு மாற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் அது காரணமில்லை. எழுதியதை இரண்டாம் தடவை எழுத மாட்டேன் என்ற வீம்புதான் காரணம்.

அந்த எட்டு மாதத்தில் நான் ஒரு வேலை செய்தேன். இனி எந்த ஃபைலுக்காகவும் ஒருத்தியிடமும் போய் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். என் லேப்டாப்பில் இருந்த ஒவ்வொரு கோப்பையும் நோட்பேடில் திறந்து பார்த்தேன். உள்ளே குப்பைதான் தெரியும், ஆனால் முதல் வரியை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு அடையாளம் இருக்கிறது. பி.டி.எஃப். என்றால் முதல் வரியிலேயே அப்படி எழுதியிருக்கும். சுருக்கிக் கட்டிய கோப்பு என்றால் பி, கே என்று இரண்டு எழுத்தில் தொடங்கும். படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. நீ பொய்க்காரி என்பதை உனக்கே ஒருநாள் காட்ட வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. மறைக்கவில்லை.

அதற்குள் நீ போய்விட்டாய். ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது டிரைவர்தான் சொன்னார். "மனுவக்கா, உனுக்கு விசயம் தெரியாதா? டைப்பிங் அம்மா நேத்து நெஞ்சுவலியில..." என்று இழுத்தார். வந்தேன். கூட்டத்தில் பின்னால் நின்றேன். உன் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இடம்விட நீ தட்டுகிற விரல்கள். அதைப் பார்த்ததும் கிளம்பிவிட்டேன். அழவில்லை.

மூன்று மாதம் கழித்து உன் பெண் என் வீட்டுக்கு வந்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறாள், ஷிப்டு முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தாள்.

"பெரிம்மா, கடைய காலி பண்றோம். நாளைக்கு ஒருத்தர் வந்து கம்ப்யூட்டர எடுத்துக்கினு போறாரு. சர்வீஸ்காரர் பாத்தாரு. உள்ள ஒண்ணுமே தொறக்கலியாம், எல்லாம் கரப்டாம். அழிச்சுட்டுத்தான் குடுக்கணும்னாரு. ஆனா உங்க பேர்ல ஒண்ணு கீது. அதான் உங்கள ஒருவாட்டி கேட்டுட்டு..."

"எனக்கெதுக்கு? அதுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் வாசற்படியில் இறங்கித் திரும்பினாள். "அம்மா அந்த செவப்பு பென்டிரைவ தூக்கிப் போடல, பெரிம்மா" என்றாள். "சாமி படத்துக்குக் கீழ வெச்சிருந்துச்சு."

சேலையை மாற்றிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ பின்னால் வைத்துக்கொள்ளும் அந்தச் சின்னத் தலையணை அப்படியே இருந்தது. உன் பெண் மெஷினைப் போட்டாள். உன் கோப்புகள் வரிசையாக வந்தன. முந்நூறுக்கு மேல் இருக்கும். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் அது என்ன ரகம் என்று ஒரு பத்தி இருக்குமே, அதைப் பார்த்தேன். செல்வி ரகக் கோப்பு. குப்பம்மா ரகக் கோப்பு. யசோதா ரகக் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெண்ணின் பெயர். நடுவில் என்னுடையது. எம் புள்ளி கஸ்தூரி. ரகம்: கஸ்தூரி.

எனக்கு ஒரு நொடி பேக்கிங்கில் நிற்பது போலவே இருந்தது. நாங்கள் காரின் பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பெட்டியில் கட்டுவோம். இடது கண்ணாடிப் பெட்டியில் வலது என்று லேபிள் ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். அதற்காகப் பெட்டியை யாரும் உடைத்துப் போடமாட்டார்கள். மடிப்பைத் திறந்து உள்ளே பார்ப்போம், சரியான லேபிளை ஒட்டுவோம், பெட்டி வண்டியேறும். லேபிள் தப்பு என்றால் சரக்கு தப்பு என்று அர்த்தமில்லை. பத்தொன்பது வருஷம் செய்த வேலை. அன்றைக்கு வீட்டில் அது எனக்குத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டர் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத்தான் ரகம் என்று எடுத்துக்கொள்ளும். அதை நீ அழித்துவிட்டு, அந்த இடத்தில் எங்கள் பெயரைப் போட்டாய். ரகத்தை மாற்றினால் கோப்பு பயன்படாமல் போகலாம், மாற்றவா என்றுதான் அந்தக் கட்டம் ஒவ்வொரு முறையும் உன்னைக் கேட்டது. நீ ஆமாம், ஆமாம் என்றாய். உனக்கு மட்டும் திறந்ததற்குக் காரணமும் அப்போது புரிந்தது. நீ கோப்பின் மேல் தட்டித் திறக்கிறவள் இல்லை. தமிழ் அடிக்கும் செயலியை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து கோப்பைக் கூப்பிடுவாய். உன் செயலி பெயரைப் பார்க்காமல் உள்ளே பார்த்தது. மற்ற எல்லாரும் பெயரைப் பார்த்தோம்.

முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். அசலில் கை வைக்கக் கூடாது, அதுவும் பேக்கிங் பழக்கம்தான். பிரதியை நோட்பேடில் திறந்தேன். அதே குப்பை. ஆனால் இந்த முறை முதல் வரியைப் பார்த்தேன். அடைப்புக்குறி, சாய்ந்த கோடு, ஆர், டி, எஃப். என் நோட்டில் அது இருந்தது. மூடினேன். என் பெயருக்குப் பின்னால் இன்னொரு புள்ளி வைத்து, அந்த மூன்று எழுத்தைச் சேர்த்தேன். மாற்றவா என்று கேட்டது. உன்னைப் போல ஆமாம் என்றேன். தட்டினேன்.

"பெறுநர்" என்று தமிழில் வந்தது.

உன் பெண் என் தோளைப் பிடித்தாள். நான் நான்கு பக்கத்தையும் அவசரமாக ஓட்டிப் பார்த்தேன். நாற்பத்தோரு பெண்களும் இருந்தார்கள். கிணறு இருந்தது, கல் இருந்தது, என் காலடிக் கணக்கு இருந்தது. ஒரு கொம்பு பிசகவில்லை, ஒரு கால் பிசகவில்லை. நான்காம் பக்கத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு, நீ எனக்கென்று எழுதியிருந்தது:

"அக்கா, கோச்சுக்காத. கதவு வைக்க வேண்டும் என்று எட்டு இடத்தில் எழுதியிருந்தாய். எல்லாவற்றையும் வழி விட வேண்டும் என்று மாற்றிவிட்டேன். கதவுன்னா பூட்டு வரும். பூட்டு வந்தா சாவி ஒருத்தன்கிட்ட இருக்கும். வழின்னு கேளு. பிடிக்கவில்லை என்றால் சொல், மறுபடி கதவுன்னே அடிச்சுத் தரேன்."

படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எட்டு இடத்தில்! கேட்காமல்! என் வார்த்தையில் கை வைக்காதே என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். அப்படியே எழுந்து யாரோடு சண்டை போடுவது என்று திரும்பிப் பார்த்தேன். தலையணைதான் இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. உன் பெண் பயந்து தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

அவளிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதே என்றேன். "அவருகிட்ட பேசி வெச்சுட்டேனே, பெரிம்மா" என்றாள். "நான் பேசிக்கறேன்" என்றேன். அடுத்த நாள் வந்த ஆளிடம் நான் பேசினதைக் கேட்டு, அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மெஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. முந்நூறு கோப்புக்கும் ஒவ்வொன்றாகச் சரியான லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். உன் புள்ளியும் பெயரும் அப்படியே இருக்கும், அதற்குப் பின்னால்தான் ஒட்டுகிறேன். போன வாரம் யசோதாவுக்கு அவள் பழைய மனு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மறுபடி போடப்போகிறாளாம். இந்தத் தடவை விடமாட்டேன் என்கிறாள்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். உன் கோப்பை என் லேப்டாப்புக்குக் கொண்டுவந்தால், உன் எழுத்துரு அதில் இல்லாததால், தமிழ் மறுபடி ஆங்கிலக் குப்பையாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எது எதற்கு என்று மெல்லப் பிடிபட்டது. கடைசிப் பத்தியின் முதல் சொல் mf;fh. அதுதான் 'அக்கா'. அன்றைக்கு வீட்டில் நோட்பேடில் நான் பார்த்து ரத்தம் கொதித்தேனே, அந்தக் குப்பையிலும் அது இருந்தது. நீ என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் அதைக் கையிலெடுத்துக்கொண்டு வந்து உன்னைப் பொய்க்காரி என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒன்றை மட்டும். கரண்ட் வந்த பிறகு நீயும் என் பின்னால் ஓடி வந்திருக்கலாம். உன் கால் ஒன்றும் கட்டிப் போட்டிருக்கவில்லை.

மனுவை உன் சொல்லோடுதான் கொடுத்தேன். எட்டு இடத்திலும் வழி. ஊரில் இருக்கிற பெண்களிடம் மறுபடி கையெழுத்து வாங்கினேன். வீடு மாறிப் போனவர்களில் ஆறு பேர் பென்னலூரிலிருந்தும் வல்லத்திலிருந்தும் வந்து போட்டுவிட்டுப் போனார்கள், இப்போது அந்தப் பாதை அவர்களுக்குத் தேவையே இல்லை. போன வாரம் அதிகாரிகள் வந்து அளந்தார்கள். கம்பெனியிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் மனுவை நின்றபடியே படித்துவிட்டு, "கேட் போட்டா செக்யூரிட்டி ஆள் போடணும்னு பயந்துட்டிருந்தோம்மா. சைடுல நடைபாதை மாதிரி வழின்னா பிரச்சினை இல்ல, சுவத்தைக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கலாம்" என்றார். உன் சிரிப்பு கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

சுவரில் சிவப்புப் பெயிண்டால் இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள். நடுவில் இரண்டு பெண்கள் எதிரெதிரே இடிக்காமல் போகிற அகலம். இன்னும் உடைக்கவில்லை. உடைக்கிற வரை நான் விடப்போவதில்லை.

இன்று காலை நான் ஜெராக்ஸ் எடுத்தது அதிகாரிகள் அனுப்பிய பதில். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து இருக்கிறது, சீல் இருக்கிறது, நீ பார்க்க வேண்டியதெல்லாம் இருக்கிறது. மூன்றாம் வரியில் "பொதுமக்கள் நடந்து செல்ல வழி" என்று போட்டிருக்கிறார்கள். கடைக்கு வெளியே நின்றிருந்த உன் பெண்ணிடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். அவள் வாங்கும்போதும் தாளில் கொஞ்சம் சூடு இருந்தது. "சூடா ஒண்ணு" என்றேன். அவளுக்குப் புரிந்தது.

இந்தக் கடிதத்தை உன் மெஷினில்தான் அடித்தேன், உன் பழைய எழுத்துருவில், ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. இப்போது பெயர் வைக்க வேண்டும். மெஷின் வைத்ததை முழுசாக அழிக்கிறேன். உன் இனிஷியல், ஒரு புள்ளி, உன் பெயர். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. இனி யார் வந்து தட்டினாலும் இது சும்மா திறக்காது, உள்ளே பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் திறக்கும்.

கட்டம் வந்துவிட்டது. மாற்றினால் பயன்படாமல் போகலாம், மாற்றவா என்று கேட்கிறது. இந்த முறை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்கிறேன்.